பண்டாரவன்னியனின் 67 நாட்கள்: முல்லைத்தீவு முதல் ஆனையிறவு வரை

கந்தர்மடத்தான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். தலைப்பு, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னித் தலைவர் பண்டாரவன்னியன். பேசிய 11 பிள்ளைகளில் ஒன்பது பேர் அவர் தோல்வியுற்ற கற்சிலைமடுவில்தான் தொடங்கினார்கள். ஒரே வீச்சில் வெள்ளையர் 60 பேரின் தலை உருண்டதையும், காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்ததையும் சொல்லி, வீரன் மண்ணில் சாய்ந்த இடத்தில் முடித்தார்கள். எட்டாவதாக வந்தவர் தரம் 6 மாணவர். மட்டையில் வாள் செய்து அதற்கு வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார். வாளை உயர்த்தியபோது தாள் சட்டைப் பொத்தானில் மாட்டிக் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, குரல் சற்றும் தளராமல் பேசி முடித்தார். பரிசு கொடுத்த பின்னர் அவரை அழைத்து, 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சேர், அவர் ஆனையிறவு மட்டும் வந்தவரோ?" என்று கேட்டார். அந்த வியப்புத்தான் என்னை இவ்விழையைத் தொடங்க வைத்தது.

1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி, கப்டன் வொன் டிறிபேர்க்கின் தலைமையில் அங்கிருந்த காவற்படையைத் துரத்தினார். எஞ்சியவர்கள் வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பி வந்தார்கள். அதன் பின்னர் அவருடைய படை வன்னி முழுவதும் பரவி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவு வரை வந்தது. ஒக்ரோபர் 31ஆம் திகதி விடியற்காலையில் அதே டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவரைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தார். ஒரு திகதிக்கும் மறு திகதிக்கும் இடையில் 67 நாட்கள் உள்ளன. அந்த நாட்களில் வன்னி ஆங்கிலேயரின் கையில் இருக்கவில்லை. நம் பிள்ளைகளோ அவருடைய கடைசி நாளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆகவே என் கேள்வி இதுதான். அந்த 67 நாட்களை உண்டாக்கிய தலைமை எத்தகையது? அவர் ஏன் முல்லைத்தீவைத் தெரிந்தெடுத்தார், ஏன் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார், ஆனையிறவுக்கு வந்த பின்னர் ஏன் அதற்கு அப்பால் வரவில்லை? வாளின் கதையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றைப் பற்றி அறிந்தவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முல்லைக்கரை எழுதியது:

ஐயா, நான் முல்லைத்தீவில் பிறந்து இப்போது கொக்குவிலில் வசிப்பவன். படையியல் அறியேன். ஆனால் அந்த நிலம் எனக்குத் தெரியும் என்பதால் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முல்லைத்தீவு கடலுக்கும் நந்திக்கடல் என்ற களப்புக்கும் இடையில் அகப்பட்ட மணல் நிலம். வடக்கே வட்டுவாகல், மேற்கே வற்றாப்பளையும் முள்ளியவளையும் தண்ணீரூற்றும். தரைவழியாக வருபவன் எந்தப் பக்கமிருந்து வரக்கூடும் என்பதைக் காவலில் நிற்பவன் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தை ஒருவர் தாக்கி வென்றார் என்றால், வந்த செய்தி உள்ளே போவதற்கு முன்னர் படை வந்துவிட்டது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அதற்கு முள்ளியவளைச் சனங்களின் வாய் அடைத்திருக்க வேண்டும். ஒரு பற்று, அதாவது வன்னியின் ஒரு பிரிவு, முழுவதும் வாயைத் திறக்காமல் இருப்பது பயத்தால் நடக்கக்கூடிய காரியமன்று. அவர்கள் அவரைத் தங்கள் ஆளாக நினைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மாதம். ஓகஸ்டில் எங்கள் பக்கத்தில் குளங்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். காட்டுப் பாதை இறுகிக் கிடக்கும். நந்திக்கடலின் ஓரங்கள் வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மாரியில் கழுத்தளவு தண்ணீர் நிற்கும் இடத்தில் அப்போது மாட்டு வண்டியே போகும். ஆயிரம் பேர் நடந்து வருவதற்கு ஆண்டில் அதைவிட நல்ல காலம் கிடையாது. அதே காலத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வள்ளத்தில் ஏறியவன் பாயை விரித்தால் வடக்கே பருத்தித்துறையைப் பார்த்துப் போய்விடலாம். டிறிபேர்க் தப்பியது அந்தக் காற்றினால்தான் என்பது என் எண்ணம். பண்டாரவன்னியனிடம் கடலை மறிப்பதற்கு ஒரு கப்பலும் இருக்கவில்லை. தரையில் மூன்று பக்கத்தையும் அடைத்தவருக்கு நான்காவது பக்கம் கையை விட்டுப் போயிற்று. அந்த நான்காவது பக்கத்தால் போனவர்தான் ஒக்ரோபரில் திரும்பி வந்தார்.

சாவகச்சேரி மாணவி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். ஒரு ஐயம் உண்டு, தவறாக எண்ண வேண்டாம். ஆங்கிலேயரின் குறிப்புகள் முல்லைத்தீவுத் தாக்குதலைக் கண்டிப் போரின் ஒரு பகுதியாகவே காட்டுகின்றன. பண்டாரவன்னியனுடன் கண்டியரும் வந்தார்கள் என்றும் அவற்றில் உண்டு. அப்படியானால் அவர் தனித்து முடிவெடுத்த தலைவரா, கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் திட்டத்தில் வடக்குப் பகுதியைப் பொறுப்பேற்றவரா? இரண்டாவது விடை உண்மையானால், அன்றைய நாளைத் தெரிந்தெடுத்த பெருமை கண்டிக்கு உரியதாகிவிடும் அல்லவா?

கந்தர்மடத்தான் எழுதியது:

பிள்ளை, நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே விடை எழுத வேண்டும்.

முதலில் அந்த ஆண்டை மாத வரிசையில் வைத்துப் பார்ப்போம். 1803இன் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் படைகள் கண்டி நகருக்குள் புகுந்தன. காய்ச்சல் அவர்களைத் தின்றது. யூன் மாத இறுதியில் அங்கே எஞ்சியிருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து, பின்னர் வெட்டி வீழ்த்தப்பட்டது. அதே நாட்களில் கண்டிக்கு வடக்கே மக்டோவல் கோட்டையில் இருந்த கப்டன் மட்ஜ், நோயாளிகளை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். ஓகஸ்டில் கண்டிப் படைகள் கரையோரத்தை நோக்கி இறங்கின. சிலாபத்தில் சிறு காவற்படை ஒன்று முற்றுகைக்குள் அகப்பட்டுக் குண்டு தீர்ந்து, செப்பு நாணயங்களைத் துப்பாக்கியில் இட்டுச் சுட்டுத் தாக்குப்பிடித்தது. அம்பாந்தோட்டையும் தாக்கப்பட்டது. செப்ரெம்பர் 6ஆம் திகதி மன்னர் தாமே நடத்திய படை ஹங்வெல்லையில் முறியடிக்கப்பட்டது.

இந்த வரிசையில் ஓகஸ்ட் 25ஐப் பொருத்தினால், பிள்ளை சொல்வது போல அது ஒரு பெரிய அலையின் உள்ளே வந்த நாள் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆங்கிலேயரிடம் முல்லைத்தீவுக்கு அனுப்ப ஒரு கொம்பனிகூட மிஞ்சியிராத வேளை அது. அந்த வேளை வரும் வரை காத்திருந்து, வந்ததும் தவறவிடாமல் பிடித்துக்கொள்வதும் தலைமையின் வேலைதான். பயிர் வைக்கிறவன் மழையை உண்டாக்குவதில்லை. ஆயினும் ஈரம் கண்ட அன்றே விதைத்தவனைத்தான் ஊர் கமக்காரன் என்கிறது.

ஆனால் வன்னியருக்குக் கண்டி கொடுத்த துணையைவிட, வன்னிக்குள் அவர் உண்டாக்கிய ஒற்றுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து வன்னித் தலைவர்களின் ஆட்சியை முடித்து வைத்தார்கள். அந்தப் படையெடுப்பில் வன்னிச்சிமார் என்ற பெண் தலைவர்களும் எதிர்த்து நின்றார்கள். பின்னர் லெப்டினன்ட் நாகெல் என்ற அதிகாரி முல்லைத்தீவில் இருந்து நிருவாகம் செய்தார். யானைத் திறை கொடுத்தும் கொடுக்காமலும் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பியரை அலைக்கழித்த பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி ஆகிய பற்றுகள் ஒரு நிருவாகியின் காலடியில் கணக்குப் புத்தகமாகிப் போயின. 1795 செப்ரெம்பர் 28ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டையும், ஒக்ரோபர் 1ஆம் திகதி முல்லைத்தீவும் ஆங்கிலேயரிடம் விழுந்தன. ஆகவே 1803இல் பண்டாரவன்னியன் எழுந்தபோது அவருக்குப் பின்னால் ஒரு சிம்மாசனமோ திறைசேரியோ நிலையான படையோ இருக்கவில்லை. 21 ஆண்டுகளுக்கு முன்னர் பறிக்கப்பட்ட உரிமையின் நினைவு மட்டுமே இருந்தது. முல்லைத்தீவு அந்த நினைவின் முகத்தில் அறைந்த இடம். கணக்குப் புத்தகம் இருந்த இடமும் அதுவே. அதனால்தான் முதல் அடியை அங்கே கொடுத்தார் என்று நான் கருதுகிறேன்.

வடமராட்சி வாசகன் எழுதியது:

ஐயா எழுதியதை மதிப்புடன் படித்தேன். ஆயினும் நாம் ஒரு தலைவரை மதிப்பிடுவதாக இருந்தால், அவருடைய கடைசிக் காலைப்பொழுதையும் அதே கண்டிப்புடன் பார்க்க வேண்டும்.

ஒக்ரோபரில் ஆங்கிலேயர் மூன்று படைகளை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து லெப்டினன்ட் யூவெல், திருகோணமலையிலிருந்து கப்டன் மட்ஜ், மன்னாரிலிருந்து கப்டன் டிறிபேர்க். மூன்று முனைகளிலிருந்தும் கிளம்பிய படைகள் வன்னியின் நடுவை நோக்கி வந்தன. காட்டுக்குள் நுழைந்து பல நாட்கள் நடந்து வரும் படை சத்தமில்லாமல் வர முடியாது. சுமைகாரர், மாடுகள், உணவு, வெடிமருந்து அத்தனையும் வரும். அப்படி வந்த ஒரு படை விடியற்காலை ஐந்து மணிக்குத் தம் முகாமின் மீது விழும் வரை பண்டாரவன்னியனுக்குத் தெரியாமல் போயிற்று. முல்லைக்கரை அன்பர் ஓகஸ்டில் முள்ளியவளைச் சனங்கள் வாய் திறக்கவில்லை என்றார். ஒக்ரோபரில் மன்னார்ப் பாதையில் இருந்த சனங்கள் ஏன் வாய் திறந்து அவருக்குச் சொல்லவில்லை? வெளிக்காவல் எங்கே போயிற்று? நான் பண்டாரவன்னியனைக் குறைத்துப் பேச வரவில்லை. அவர் என் பிள்ளைகளுக்கும் வீரர்தான். ஆனால் வென்ற நாளுக்கு அவருடைய திறமை காரணம் என்றால், தோற்ற நாளுக்கு அவருடைய பிழையும் காரணமாக இருக்க வேண்டும் என்பது நியாயம் அல்லவா?

மேலும், மூன்று படைத்தலைவர்களில் இருவர் அதே ஆண்டில் பின்வாங்கியவர்கள் என்பதைக் கவனியுங்கள். மட்ஜ் கண்டியின் ஓரத்திலிருந்து வந்தவர், டிறிபேர்க் முல்லைத்தீவிலிருந்து வந்தவர். ஓடிப் பழகியவன் அடுத்த முறை எந்தப் பக்கத்தால் வர வேண்டும் என்பதைப் படித்துக்கொள்கிறான். அவர்கள் இரண்டு மாதத்தில் படித்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் நம்முடையவர் என்ன ஏற்பாடு செய்தார் என்பதற்கு இவ்விழையில் இதுவரை ஒருவரும் விடை எழுதவில்லை.

ஒட்டுசுட்டான் பேத்தி எழுதியது:

வடமராட்சித் தம்பி எழுதியது என் நெஞ்சில் தைத்தது. தைத்தாலும் நேர்மையான எழுத்து என்று ஏற்றுக்கொள்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மப்பா என்னைச் சைக்கிளின் முன் பாரில் இருத்திக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போனார். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் அந்த நினைவுக்கல் நின்றது. அம்மப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கல்லில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டுவிரலால் தடவிக் கொடுத்தார். எழுத்துப் பள்ளங்களில் பாசி காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் அதைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். பிறகு பக்கத்தில் பூத்திருந்த ஆவரசம்பூவைப் பறித்துக் கல்லின் அடியில் வைத்தார். அது வெற்றி பெற்ற வெள்ளைக்காரனுக்கு நட்ட கல் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்து ஆங்கிலம் படித்த பின்னர்தான் தெரியவந்தது. இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதிலுள்ள செய்தி. எங்கள் ஊர்ச் சனங்கள் அந்தக் கல்லுக்குப் பூ வைத்துத் தங்கள் தலைவனின் கல்லாக மாற்றிக்கொண்டார்கள்.

காக்கை வன்னியனின் கதையை நாங்கள் ஒரு நாடகமாகத்தான் முதலில் கேட்டோம். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். காக்கை வன்னியன் மேடைக்கு வந்தவுடன் பெண்கள் மண்ணை அள்ளித் திட்டுவார்கள். அந்தக் கோபம் பொய்யானது என்று எவராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

கந்தர்மடத்தான் எழுதியது:

அம்மா, உங்கள் அம்மப்பா பாசியை நகத்தால் எடுத்ததை வாசித்தபோது சற்று நேரம் எழுதாமல் இருந்துவிட்டேன்.

காக்கை வன்னியனைப் பற்றி என் கருத்தைப் பணிவுடன் சொல்கிறேன். அந்தக் கதை மக்களின் கோபத்தைச் சுமந்து வந்த கதை, அதை மேடையிலிருந்து இறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தோல்விக்கு ஒரு துரோகியே முழுக் காரணம் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால், மூன்று பக்கமிருந்து வந்த மூன்று படைகளை அவர்கள் ஒருபோதும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். வடமராட்சி வாசகன் கேட்ட கேள்வியும் அவர்கள் மனத்தில் எழாது. ஒரு துரோகி இல்லாமலேயே கற்சிலைமடு நடந்திருக்கக் கூடும் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அந்த வெளிக்காவல் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. முல்லைத்தீவுக்குப் பின்னர் அவருடைய படை பரந்துவிட்டது. வடக்கே ஆனையிறவு வரை ஒரு கை நீண்டது. கிழக்கே கரையைக் காக்க வேண்டும். தெற்கே கண்டியின் எல்லையோடு தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். ஹங்வெல்லைத் தோல்விக்குப் பின்னர் அந்தத் தொடர்பில் உயிர் குறைந்துவிட்டது. ஆங்கிலேயரின் கைகள் தெற்கில் ஓரளவு ஓய்ந்து வடக்கே திரும்பின. ஒக்ரோபர் மாதம் வந்தால் வன்னியில் இன்னொன்றும் வந்துவிடும். முதல் மழைக்கு முன்னர் வயலில் நிற்க வேண்டிய மாதம் அது. அவருடைய வீரர்கள் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள் அல்லர், கமக்காரர். காலபோகம் என்ற மாரிகால நெற்செய்கைக்கு உழாதவன் வீட்டில் தை மாதம் அடுப்பு எரியாது. 67ஆம் நாள் அவருடன் முகாமில் இருந்தவர்களின் தொகை முதல் நாள் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் அதற்குக் காரணம் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, வயலுக்குப் போனால் போதும். இது என் ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வடமராட்சி வாசகன் எழுதியது:

காலபோகத்தை நான் எண்ணவே இல்லை, ஐயா. நானும் கமக்காரன் பிள்ளைதான்.

கொழும்புத்துறை இளையவன் எழுதியது:

கட்டபொம்மன் 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார், மருது சகோதரர்கள் 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைப் பிடிக்கிறார். பாக்குநீரிணைக்கு இரு கரையிலும் நான்கு ஆண்டுகளுக்குள் நடந்தவை இவை. அங்கே நடந்தது இங்கே தெரிந்திருக்குமா என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆவல் உண்டு. தோணிகள் போய் வந்த கடல் அது.

சாவகச்சேரி மாணவி எழுதியது:

தெரிந்திருக்கும் என்று நினைக்க ஆசையாகத்தான் இருக்கிறது, அண்ணா. ஆனால் சான்று கைக்கு வராமல் அதை எழுதினால், 60 தலைகளின் கதையோடு இன்னொன்று சேர்ந்துவிடும். ஆனையிறவைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஐயா முதலில் கேட்ட மூன்று கேள்விகளில் அதற்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை.

என் வீடு தென்மராட்சியில் இருப்பதால் அந்தப் பாதை எனக்குக் கைரேகை போலத் தெரியும். இன்று பேருந்தில் ஏறினால் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். அன்று அது யானைகளைத் தண்ணீரில் இறக்கி நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவரும் துறை. பெயரே அதனால் வந்தது. ஒல்லாந்தர் குடாநாட்டின் அந்த வாசலை ஆனையிறவு, பெஸ்குட்டர், பைல் என்ற மூன்று சிறு கோட்டைகளால் அடைத்து வைத்திருந்தார்கள். உப்பு வெளியில் மறைந்து வருவதற்கு ஒரு மரம் கிடையாது. ஓகஸ்ட், செப்ரெம்பர் வெயிலில் குடிக்க நல்ல தண்ணீரும் கிடையாது. காட்டுக்குள் ஒரு படையை ஆயிரம் படையாகக் காட்டத் தெரிந்த தலைவருக்கு, வெட்டவெளியில் தம் படை எத்தனை பேர் என்பதை எதிரி எண்ணிவிடுவான் என்பதும் தெரிந்திருக்கும். அங்கே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது கோழைத்தனமாகாது என்று நான் நினைக்கிறேன். அவருடைய துணிவை ஆங்கிலேயரின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது, ஆனையிறவு வரை ஊடுருவும் அளவுக்குத் துணிந்தார்கள் என்று.

முல்லைக்கரை எழுதியது:

பிள்ளை சொன்னது சரி. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரரைப் புண்படுத்த எண்ணி இதை எழுதவில்லை. அவர் ஆனையிறவில் நின்றபோது உள்ளேயிருந்து எவராவது கதவைத் திறந்தார்களா?

கந்தர்மடத்தான் எழுதியது:

தம்பி, புண்பட ஒன்றுமில்லை. என்னையே நான் பல முறை கேட்ட கேள்வி இது.

குடாநாடு 1619இல் சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் பிடிபட்ட நாள் முதல் ஐரோப்பியரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1803இல் அது 184 ஆண்டுகள். ஏழு தலைமுறை. நிலத்துக்குத் தோம்பு என்ற பதிவேடு எழுதியாயிற்று. வழக்குகளுக்குத் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டம் 1707இல் ஒல்லாந்தரால் எழுத்தில் தொகுக்கப்பட்டாயிற்று. முதலியார் பதவி, உடையார் பதவி, கோவிற்பற்றுப் பள்ளி என்று ஆட்சியோடு ஊடும் பாவுமாகப் பிணைந்த வாழ்க்கை நம் முன்னோருடையது. வன்னிக்கோ நேரடி ஆட்சி வந்து 21 ஆண்டுகள்தான். அடங்காப்பற்று என்று அதற்குப் பெயர் வைத்ததே குடாநாட்டின் பக்கமிருந்து பார்த்தவர்கள்தான். ஆனையிறவுக்கு அப்பால் இருந்தவர்களுக்குத் தங்கள் தலைவரின் முகம் நினைவிருந்தது. இப்பால் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு முகம் நினைவில் இல்லை. பண்டாரவன்னியன் அந்த உப்பு வெளியில் நின்று வடக்கே பார்த்தபோது இதை உணர்ந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். யூவெல் படையோடு கிளம்பியது நம் கோட்டையிலிருந்துதான் என்பதை நான் கோட்டை மதிலருகில் நடக்கும் ஒவ்வொரு மாலையும் நினைக்கிறேன். அந்தப் படைக்கு அரிசி சுமந்தவர்கள் எந்த ஊரவர் என்று எண்ணிப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

ஒட்டுசுட்டான் பேத்தி எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஒக்ரோபர் 31ஆம் திகதியை அவர் வீரச்சாவடைந்த நாள் என்று எங்கள் ஊரில் சொல்லி வந்தோம். வவுனியாவில் மாவட்டச் செயலகத்துக்கு முன்பாக நிற்கும் சிலையடியில் ஓகஸ்ட் 25ஐ வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள். எது சரி?

சாவகச்சேரி மாணவி எழுதியது:

அக்கா, நீங்கள் வாசித்த கல்லிலேயே விடையின் பாதி இருக்கிறது. தோற்கடித்தார் என்று பொறித்தவர்கள் கொன்றார் என்று பொறிக்கவில்லை. தம் எதிரியின் தலைவரைக் கொன்ற படைத்தலைவருக்குக் கல் நடுகிறவர்கள் அந்தப் பெருமையை விட்டுவிட்டு வெறுமனே தோற்கடித்தார் என்று எழுதுவார்களா? 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற நிருவாக அதிகாரி வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டிலிருந்து தொடங்கி, இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். 1803க்குப் பின்னரும் அவர் உயிருடன் இருந்து எல்லைப்புறத்தில் ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுத்தார் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உள்ளனர். நானும் அந்தப் பக்கம்தான். ஓகஸ்ட் 25 என்ற நாளில் எவருக்கும் ஐயமில்லை. ஆகவே அந்த நாளைக் கொண்டாடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

வடமராட்சி வாசகன் எழுதியது:

அப்படியானால் என் குற்றச்சாட்டில் ஒரு பகுதியை நான் திரும்பப் பெற வேண்டும். விடியற்காலையில் திடீரெனச் சூழப்பட்டும் அந்த வளையத்துக்குள்ளிருந்து ஒரு தலைவர் வெளியேறினார் என்றால், முகாமைச் சுற்றி வெளிக்காவல் இல்லாவிட்டாலும் போகும் பாதை ஒன்றை அவர் முன்னரே எண்ணி வைத்திருக்கிறார். முல்லைத்தீவில் டிறிபேர்க்குக் கடல் இருந்தது போல இவருக்குக் காடு இருந்திருக்கிறது. இருவரும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் ஒவ்வொரு முறை தப்பியிருக்கிறார்கள். இதை இப்படி நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

கந்தர்மடத்தான் எழுதியது:

அன்பர்களே, இவ்விழையை அச்செடுத்து அந்தத் தரம் 6 மாணவருக்குக் கொடுக்க விரும்புகிறேன். அடுத்த தவணையும் அதே போட்டி உண்டு என்று பாடசாலையில் சொன்னார்கள். முல்லைக்கரைத் தம்பி நந்திக்கடல் வற்றும் காலத்தைப் பற்றி எழுதிய பகுதியை அவர் நிச்சயம் கேட்டு மகிழ்வார்.

ஒட்டுசுட்டான் பேத்திக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் ஒரு வானில் கற்சிலைமடுவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். உங்கள் அம்மப்பா பூ வைத்த பக்கம் எது என்று சொல்வீர்களா?

ஒட்டுசுட்டான் பேத்தி எழுதியது:

வீதியைப் பார்த்த பக்கத்தில் வைத்தார், ஐயா. நானும் வருகிறேன். மாங்குளம் சந்தியில் காலை எட்டு மணிக்கு நிற்பேன். ஆவரசம்பூ நான் கொண்டுவருகிறேன், நீங்கள் பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.